நாற்பத்து மூன்று பூஜ்யம்

பெரியநாயக்கன்பாளையம்
வெள்ளிக்கிழமை

அன்பு மகள் மேக்னாவுக்கு அப்பா எழுதுவது. அம்மா காலையில் இரண்டு இட்லி சாப்பிட்டாள். காய்ச்சல் இல்லை. மழை வருகிற மாதிரி இருட்டிக்கொண்டு வந்து, மேட்டுப்பாளையம் பக்கம் போய்விட்டது. மெல்போர்னில் குளிர் என்றாயே, மாப்பிள்ளைக்கு இருமல் விட்டதா?

நீ அனுப்பிய புகாரைப் பிரிண்ட் எடுத்து மூன்று தடவை படித்தேன். கையெழுத்துப் போடவில்லை. போனில் சொன்னால் பாதியிலேயே நீ பேச ஆரம்பித்துவிடுவாய், பிறகு நான் சொல்ல வந்தது நின்றுபோகும். அதனால்தான் எழுதிப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன்.

நீ எழுதியதில் பொய் எதுவும் இல்லை. அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்ததிலிருந்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும் என்பது ஹோம் கேர் கம்பெனி விதி. அவர்கள் அனுப்பிய பெண் அன்புக்கரசி பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரை திருப்பவில்லை என்பதைக் கேமராவில் பார்த்திருக்கிறாய். சார்ட்டில் பன்னிரண்டு மணிக் கட்டத்தில் டிக் இருக்கிறது. போன ஞாயிறு அவளுக்கு லீவு. விரிப்பு மாற்றும்போது கறையைப் பார்த்தது நான்தான். இடுப்புக்குக் கீழே பெரிய பொட்டு அளவுக்குத் தோல் உரிந்திருந்தது. எல்லாம் உண்மை. ஆனால் உன் கேமராவில் சத்தம் வராது.

திங்கட்கிழமை அவளை உட்காரவைத்துக் கேட்டேன். கிணத்துக்கடவிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவள், செருப்பைக் கழற்றினதும் நான் இப்படிக் கேட்டது எனக்கே ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. ஒவ்வொரு தடவையும் திருப்பட்டுங்களாம்மா என்று கேட்பாளாம். பரவால்லீங்க அம்மணி, இருக்கட்டும், நீ செத்த உக்காரு என்பாளாம் உன் அம்மா. பெரியவங்க வேண்டாங்கறப்போ எப்படீங்கய்யா புரட்டறது, கட்டத்தக் காலியா வுட்டா கம்பெனில இருந்து போன் வருமுங்க, அதான் போட்டுப்போட்டேன் என்றாள். டிக் போட்டது தப்பு என்று அவளிடமே சொன்னேன். தப்புத்தானுங்க என்றாள்.

அந்தச் சார்ட்டில் இன்னொரு கட்டம் இருக்கிறது, நீ கவனித்தாயோ என்னவோ. வலி எவ்வளவு, பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எழுத வேண்டும். வலி இருக்குதுங்களாம்மா என்று இவள் கேட்க, பரவால்லீங்க என்று அவள் சொல்ல, இவள் பூஜ்யம் எழுத, நான் கீழே கையெழுத்துப் போட்டேன். நாற்பத்து மூன்று நாள், நாற்பத்து மூன்று பூஜ்யம். பம்பு கம்பெனியில் முப்பத்தொரு வருஷம் டெஸ்டிங்கில் இருந்தவன் நான். வரிசையாக ஒரே ரீடிங் வந்தால் பம்பு நன்றாக இருக்கிறது என்று யாரும் எழுதமாட்டோம். கேஜ் முள் சிக்கிக்கொண்டிருக்கிறது என்று நிறுத்துவோம். அங்கே ஒரு நட்டைக்கூடத் தொட்டுப் பார்க்காமல் பாஸ் போட்டவனில்லை. இங்கே போர்வையை விலக்கிப் பார்க்கக் கூச்சப்பட்டு, மூக்குக்கண்ணாடிகூடப் போடாமல் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது, மேக்னா.

செவ்வாய்க்கிழமை கம்பெனி நர்ஸ் சமீரா வந்து புண்ணைச் சுத்தம் செய்து கட்டுப் போட்டாள். ஒழுங்காகத் திருப்பிக்கொண்டிருந்தால் மூன்று வாரத்தில் ஆறும், விட்டால் எலும்பு வரை போகும் என்று ஒளிக்காமல் சொன்னாள். புகார் எழுத்தில் வந்தால் அன்புக்கரசியை அன்றைக்கே வேலையை விட்டு எடுத்துவிடுவார்களாம். வேறு பெண் வருவாள். அவளும் திருப்பட்டுங்களா என்றுதான் கேட்பாள், அம்மாவும் பரவால்லீங்க என்றுதான் சொல்லப்போகிறாள். அப்புறம் அவளுக்கும் ஒரு புகார் எழுதலாம். அம்மாவின் தலையை எந்த அளவு தூக்கினால் தண்ணீர் புரையேறாது என்று கண்டுபிடித்து வைத்திருப்பவள் அன்புக்கரசி ஒருத்திதான். எனக்கு அது இன்னும் கைவரவில்லை.

புதன்கிழமை நான் ஒன்று செய்து பார்த்தேன். வலிக்குதா என்று கேட்காமல், நம் வீட்டுத் தெலுங்கிலேயே எக்கட நொப்பி, எங்கே வலி என்று கேட்டேன். வலி இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு கேட்டால் மறுப்பதற்கு இடமில்லை அல்லவா? வலது கையால் இடுப்பைத் தொட்டு இக்கட என்றாள். இடது தோளைத் தொட்டு இக்கட. காலைக் காட்டினாள், போர்வையை எடுத்துப் பார்த்தால் குதிகால் சிவந்திருந்தது. நர்ஸுக்கே தெரியாத இடம் அது. நாற்பத்தாறு வருஷத்தில் இவள் வலி என்று சொல்லி நான் கேட்டதில்லை. இவள் கெட்டிக்காரி, தாங்குவாள் என்று ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

இப்போது அன்புக்கரசியும் அப்படித்தான் கேட்கிறாள். திருப்பட்டுங்களா என்பதை விட்டுவிட்டு, இப்பத் திருப்பறேனுங்கம்மா என்கிறாள். நேற்றைய சார்ட்டில் ஆறு, நான்கு, ஐந்து என்று இருந்தது. குதிகாலைப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.

புகாருக்குப் பதில் நானே கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். பொய் டிக்கை மறைக்கவில்லை. அதன் கீழே பார்க்காமல் கையெழுத்துப் போட்டது வீட்டுக்காரன் என்பதையும் எழுதியிருக்கிறேன். வாய்ச் சொல்லை நம்பாமல் தினமும் தோலைப் பார்த்து எழுதும்படி சார்ட்டை மாற்றுங்கள், நர்ஸ் வாரம் ஒரு தடவை வந்து பார்க்கட்டும் என்று கேட்டிருக்கிறேன். அன்புக்கரசியே தொடர வேண்டும் என்பது கடைசி வரி. ஒப்பந்தம் உன் பெயரில் இருப்பதால் நீ சம்மதித்தால்தான் செல்லும். சமீரா திங்கட்கிழமை வரை பொறுத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறாள். உன் கோபம் நியாயம்தான். அதில் பாதியை என் பக்கம் திருப்பிவிடு, நான் தாங்கிக்கொள்வேன்.

ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது அம்மாவிடம் நன்றாக இருக்கிறாயா என்று கேட்காதே. எக்கட நொப்பி என்று கேட்டுவிட்டு, அவள் சொல்கிற வரை சும்மா இரு. பிறகு போனை என்னிடம் தரச் சொல்லி, என்னையும் அப்படியே கேளம்மா. நானும் இத்தனை நாளாகப் பரவாயில்லை என்றுதான் உன்னிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் இருவரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு ஒரு குறையும் வராது.

இப்படிக்கு,
உன் அப்பா
திருமலைசாமி