மரத்திரைக்கு அந்தப் பக்கம்

30.03.1976, செவ்வாய்

லாப்பில் இன்று நாற்பத்திரண்டு இரத்த மாதிரிகள். மைக்ரோஸ்கோப்பில் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலிக்கிறது.

ஊரிலிருந்து அப்பாவின் கடிதம் வந்திருக்கிறது. ‘ஆனந்தராஜா நல்ல இடம். மெல்பேர்னிலேயே எஞ்சினியர். அவருடைய மாமன் விவரமாக எழுதியிருக்கிறார். உன் முடிவைச் சீக்கிரம் அறிவி.’

எதை வைத்து முடிவு சொல்வது? மூன்று வாரத்துக்கு முன் மல்கிரேவில், நான் தங்கியிருக்கும் சிவனேஸ்வரி அக்கா வீட்டு முன்னறையில் அவர் ஒரு மணி நேரம் இருந்தார். அக்கா, அத்தான், பிள்ளைகள் இருவர், எல்லோரும் சுற்றியிருந்தோம். குளிரைப் பற்றிக் கதைத்தோம். வடை நல்லாயிருக்கு என்றார்.

01.04.1976, வியாழன்

ஆனந்தராஜா போன் எடுத்தார். சவுத் மெல்பேர்னில் ஒரு பழைய சீன வீடு இருக்கிறதாம், மரச்செதுக்கு வேலைக்குப் பேர்போனது. மாதத்தின் முதல் ஞாயிறு மட்டும் ஆட்களை உள்ளே விடுவார்களாம். “விருப்பமெண்டால் பாக்கலாம்.” ஓம் என்றேன். அக்காவும் வரப்போவதாகச் சொன்னா. நல்லவேளை, சின்னவனுக்குக் காய்ச்சல் — இப்படி எழுதுவது பாவம்.

04.04.1976, ஞாயிறு

ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

வெளியிலிருந்து பார்த்தால் தெருவிலுள்ள மற்றச் செங்கல் வீடுகளைப் போலத்தான். உள்ளே கால் வைத்ததும் நின்றுவிட்டேன். கதவு நிலை, உத்தரம், படிக்கட்டின் கைபிடி, எங்கும் செதுக்கல். பிளந்த மாதுளம்பழத்தில் விதைகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தன. தாமரை இலைக்குக் கீழே விரல்நுனி அளவில் ஒரு நண்டு. உத்தரம் நிறைய வௌவால்கள். சீனருக்கு வௌவால் அதிர்ஷ்டமாம். எங்கள் வீட்டுக்குள் ஒன்று வந்தால் அம்மா விளக்குமாறு எடுப்பா என்று சொன்னேன். ஆனந்தராஜா சத்தமாகச் சிரித்தார். அவர் சிரித்து இன்றுதான் பார்த்தேன்.

வீட்டைச் சுற்றிக் காட்டியவர் மிஸ் லூயி. ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, இந்த வீட்டைக் கட்டிய வணிகரின் பேத்தி. சீன மொழி பேசுவா என்று நினைத்தேன். லாப்பில் என்னுடன் வேலை செய்யும் பெண்களைப் போலவே அச்சொட்டான ஆஸ்திரேலிய இங்கிலீஷ். தூணிலிருந்த எழுத்துக்கு என்ன அர்த்தம் என்று கேட்டோம். “எனக்கும் வாசிக்கத் தெரியாது, கண்ணே” என்றா.

முன் கூடத்துக்கும் உள்ளறைக்கும் நடுவே தரையிலிருந்து கூரைவரை ஒரு மரத்திரை. மூங்கில் இலைகளாகச் செதுக்கி, இடையிடையே துளை விட்டிருந்தார்கள். சம்பந்தம் பேச வருகிறவர்கள் கூடத்தில் இருப்பார்களாம், பெண் உள்ளே நின்று துளைகளால் பார்ப்பாளாம். “என்ர அத்தை இதுக்குள்ளால பாத்து மூண்டு பேரைத் திருப்பி அனுப்பிப்போட்டா” என்ற அர்த்தத்தில் சொல்லிவிட்டு, வேறு ஆட்கள் வந்ததால் மிஸ் லூயி மாடிக்குப் போனா.

அங்கிருந்து எப்படித் தெரியும் என்று பார்க்க நான் உள்ளறைக்குப் போனேன். ஆனந்தராஜா கூடத்தில் நின்றார். அவருக்கு என்னைத் தெரியவில்லை.

“அங்கை நிக்கிறியளோ?”

“ஓம்.”

“அப்பிடியே நில்லுங்கோ. ஒண்டு சொல்லவேணும்.” பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “நான் எஞ்சினியர் இல்லை. ட்ராமிலை கண்டக்டர். படிக்கத்தான் வந்தனான். முடிக்கேல்லை. மாமா தன்ரபாட்டிலை எழுதிப்போட்டார்.”

“உங்களுக்கு எப்ப தெரியும்?”

“உங்கட வீட்டை வரேக்கை தெரியும்.”

“அப்ப ஏன் சொல்லேல்லை?”

“எல்லாரும் இருந்தவை. பிறகு... முகத்தைப் பாத்துச் சொல்லத் துணிவு வரேல்லை.”

அந்தத் துளைகளால் அவர் முகம் நன்றாகத் தெரிந்தது. கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார். நான் வெளியே வந்து வாசலுக்கு நடந்தேன். ஸ்டேஷன்வரை கூட வந்தார்.

05.04.1976, திங்கள்

வேலை. இரண்டு ஸ்லைட் உடைந்தது.

07.04.1976, புதன்

அக்காவிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. “உன்னட்டை டிகிரி இருக்கு. அவன் டிக்கெட் கிழிக்கிறவன். அப்பாவுக்கு இண்டைக்கே எழுது.”

எனக்குக் கோபம் அவர் வேலையில் இல்லை. நாலு கிழமை! எங்கட வடையைத் திண்டுகொண்டு, எஞ்சினியராய் இருந்திட்டுப் போனாரே. அதுதான்.

ஆனால் ஒருவரும் கேட்காமல் தானாகவே சொன்னார். அதையும் எழுத வேண்டும்.

10.04.1976, சனி

இரண்டு நாளாக ஒரு விஷயம் என்னைக் குடைந்துகொண்டிருந்தது. அப்பா ஆனந்தராஜா வீட்டுக்கு என் வயது இருபத்தேழு என்று எழுதினார். எனக்கு இருபத்தொன்பது. எனக்கு அது தெரியும். நானும் முன்னறையில் இருபத்தேழாக இருந்தேன்.

போன் எடுத்துச் சொன்னேன்.

அவர் உடனே கணக்குப் பார்த்தார். “அப்ப என்னைவிட ஒரு வயசு மூப்பு.”

“ஓம். உங்கட அம்மா விடமாட்டா என்ன?”

“விடமாட்டா.” பிறகு, “எனக்கு அது பிரச்சினை இல்லை. உங்களுக்கு ட்ராம்?”

யோசிக்க வேண்டும் என்றேன். உண்மையில் யோசிக்க அதிகம் இருக்கவில்லை.

12.04.1976, திங்கள்

அப்பாவுக்கு எழுதினேன், முழுவதும். இந்த ஆளைத்தான் கலியாணம் செய்வேன் என்றும் எழுதினேன். தபாற்பெட்டிக்குள்ளும் போட்டுவிட்டேன்.

06.05.1976, வியாழன்

அப்பா இரண்டு வரிதான் எழுதியிருக்கிறார். ‘பொய் சொன்ன குடும்பத்தில் சம்பந்தம் வேண்டாம் என்பது என் எண்ணம். உன் விருப்பம் அதுவானால் இனி நான் எழுத ஒன்றுமில்லை.’

பொய் சொன்ன குடும்பம்! நாங்கள்?

அழுதேன். பிறகு முகம் கழுவிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

15.05.1976, சனி

ஆனந்தராஜாவின் அம்மா எழுதியிருக்கிறாவாம்: ‘அவளின்ர வயசை நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை, நீயும் சொல்லாதை.’ அதைச் சம்மதம் என்றே எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்.

07.08.1976, சனி

இன்று பதிவுத் திருமணம். அத்தான் சாட்சிக் கையெழுத்து வைத்தார். அக்கா கடைசி நேரத்தில் வந்தா. என் சேலை மடிப்பைச் சரிசெய்துவிட்டா.

அப்பாவிடமிருந்து ஒன்றும் இல்லை.

06.10.1976, புதன்

தபாற்காரர் நீலக் கடிதம் ஒன்றைப் போட்டுவிட்டுப் போனார். அப்பாவின் கையெழுத்து. வெளியே ‘திரு. திருமதி ஆனந்தராஜா’ என்று முகவரி. உள்ளே கிணற்றில் தண்ணீர் வற்றியது, மாமரம் காய்த்தது, தங்கையின் பள்ளிச் சோதனை. எங்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை. மடிக்கப் போகையில்தான் ஓரத்தில் குறுக்காக எழுதியிருந்ததைக் கண்டேன்.

‘ட்ராம் கதவு திறந்துதான் ஓடுமோ? மாப்பிள்ளைக்குக் குளிராதோ? நெஞ்சளவு எழுதி அனுப்பு. அம்மா கம்பளிச்சட்டை பின்னுகிறா.’

ஆனந்தராஜா வேலைக்கு வெளிக்கிட்டு யூனிபோமோடு நின்றார். கொடுத்தேன். நின்றபடியே இரண்டு தரம் வாசித்தார். பிறகு பையைக் கழற்றிக் கதிரையில் வைத்துவிட்டு, அளவெடுக்கச் சொல்லிக் கைகளை விரித்தார்.