வாடி, உக்காருடி

ஜூன் 12

அடியே பக்கத்து இருக்கைக்காரி,

நலமா? நான் நலம். வாய் மட்டும் இன்னும் ஓயவில்லை. போனில் கேட்டால் நீ ‘ம்’ கொட்டிவிட்டு வைத்துவிடுவாய். அச்சகத்தில் உட்கார்ந்து ஊரார் பிழையைத் திருத்துகிறவளிடம் எழுதிக் கேட்டால்தான் காரியம் நடக்கும். இரண்டு வருடமாக எட்டிப் பார்க்காத கோபத்தை நேரில் தீர்த்துக்கொள்கிறேன்.

என் மூன்றாம் வகுப்பில் முப்பத்து நான்கு பிள்ளைகள், ஒன்பது வீட்டுமொழிகள். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையைக் கேட்டு வாங்கி ‘எங்க வீட்டுக் கதை’ என்று நடத்துகிறேன். வேறு மொழியிலிருந்து இங்கே வந்து சேர்ந்த ஒருவர் தன் கதையைச் சொல்வார். பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள். போன வாரம் ஒரு பேருந்து ஓட்டுநர் வந்தார். இனிமேல் யாரையும் கேலி செய்யமாட்டோம் என்று பிள்ளைகளே சொன்னார்கள்.

இந்த வருடம் புதிதாக ஒரு பெண் சேர்ந்திருக்கிறாள். அவள் மொழி பள்ளியில் ஒருவருக்கும் தெரியாது. நம் பேச்சை இப்போதுதான் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொள்கிறாள். குருவி என்று கூப்பிடுகிறோம். அவளுக்காகவாவது வாடி. எட்டு வயதில் நீ வந்து என் பக்கத்தில் உட்கார்ந்த கதையைச் சொல்.

இப்படிக்கு,
உன் வாயாடி

ஜூன் 20

அன்பு வாயாடிக்கு,

உன் கடிதத்தில் நான்கு ஒற்றுப்பிழைகள். மன்னித்தேன்.

வருகிறேன். ‘வாடி, உக்காருடி’ கதையைத்தான் சொல்லப்போகிறேன். நான் சேர்ந்த மறுவாரம், புதுப்பிள்ளையைப் பார்க்கத் தலைமையாசிரியை வகுப்புக்கு வந்தாரே, நினைவிருக்கிறதா? பெரியவர்கள் வந்தால் எழுந்து என்ன சொல்ல வேண்டும் என்று முந்தைய நாள் முழுக்க நீ எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தாய். நான் எழுந்து நின்று, முகமெல்லாம் சிரிப்பாக, “வாடி, உக்காருடி” என்றேன். வகுப்பே கொல்லென்று சிரித்தது. உள்ளங்கையில் ஆறு அடி. மூன்று நாள் வராந்தாவில் நின்றேன். ஐந்தாம் வகுப்பு முடிகிறவரை என் பெயரே ‘உக்காருடி’தான்.

அப்பா என்னைப் பள்ளியை விட்டு நிறுத்தப் பார்த்தார். என் தோழி வேண்டுமென்றே செய்யவில்லை, அவள் வீட்டில் அம்மாவும் அக்காவும் டி போட்டுத்தான் பேசிக்கொள்கிறார்கள், அதைப் பாசமான பேச்சு என்று நினைத்திருக்கிறாள் என்று உனக்காக நான் மல்லுக்கட்டினேன். மூன்றாம் நாள் நீயே வராந்தாவுக்கு வந்து என் பக்கத்தில் நின்றாய். அதற்கு மேல் எனக்கு என்ன சாட்சி வேண்டும்? அந்த ஒரு நாளை நம்பித்தான் உங்கள் மொழியை விடாமல் படித்தேன்.

பிள்ளைகளிடம் இதைச் சொல்வேன்: தப்பாகச் சொல்லிக்கொடுத்தவளும் தோழியாக இருக்கலாம்.

அன்புடன்,
பக்கத்து இருக்கைக்காரி

ஜூன் 27

என் செல்லமே,

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உண்மையைப் பேசுங்கள் என்று வாரந்தோறும் பிள்ளைகளிடம் சொல்கிறவள் உன்னிடம் மறைக்கக் கூடாது.

அது தெரியாமல் சொன்னது இல்லை. ‘உக்காருங்க’ என்று சொல்ல எனக்குத் தெரியாதா? நானும் பின்வரிசைக்காரிகள் நான்கு பேரும் சேர்ந்து யோசித்தது. நீ சொல்வாயா மாட்டாயா என்று எங்களுக்குள் பந்தயம். வராந்தாவுக்கும் நானாக வரவில்லை. ஒருத்தி காட்டிக்கொடுத்துவிட்டாள், டீச்சர் என்னையும் வெளியே நிறுத்தினார். நீ வந்து கையைப் பிடித்துக்கொண்டதும் எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. அப்புறம் நாள் ஓடிவிட்டது. எட்டு வயது, விளையாட்டுப் புத்தி. நீ பெரிதாக எடுத்துக்கொள்ளமாட்டாய், எனக்குத் தெரியும்.

ஒன்றே ஒன்று. நீ வரும் வெள்ளிக்கிழமை எங்கள் தலைமையாசிரியையும் பெற்றோர்களும் வருகிறார்கள். இந்த நிகழ்ச்சியை எல்லா வகுப்புகளிலும் நடத்தும் பொறுப்பை என்னிடம் தரும் பேச்சு இருக்கிறது. நீ எழுதியிருந்தபடியே சொல்லிவிடு. தெரியாமல் நடந்தது என்றே இருக்கட்டும்டி. குழந்தைகளுக்கும் அதுதான் நல்லது.

உன் வாயாடி

ஜூலை 5

மதிப்பிற்குரிய ஆசிரியை அவர்களுக்கு,

வெள்ளிக்கிழமை வந்தேன். நீங்கள் கேட்டபடியே சொன்னேன். முப்பத்திரண்டு வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்த கதை அது. அதைக் கைவிட எனக்கும் மனம் வரவில்லை. எல்லாரும் கைதட்டினார்கள். நீங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டீர்கள்.

நீங்கள் தலைமையாசிரியையோடு படம் எடுத்துக்கொண்டிருந்தபோது குருவி என்னைத் தேடி வந்தாள்.

“ஆன்ட்டி, எனக்கும் ஃப்ரெண்ட் இருக்கு. எனக்கும் வார்த்தை சொல்லித் தருது.”

“என்ன வார்த்தை கண்ணு?”

“தேங்க்ஸ் சொல்ற வார்த்தை.”

சொன்னாள். அதை நான் எழுதமாட்டேன். தெருச்சண்டையில்கூட ஆட்கள் யோசித்துச் சொல்கிற சொல். தண்ணீர் ஊற்றும் ஆயாவிடம் தினமும் அதைத்தான் சொல்கிறாளாம். ஆயா முறைக்கிறார்களாம். தன் உச்சரிப்பு சரியில்லை என்று நினைத்து இன்னும் சத்தமாகச் சொல்கிறாளாம்.

குனிந்து, அதற்கு என்ன அர்த்தம் என்று மெதுவாகச் சொன்னேன். அழுவாள் என்று பயந்தேன். அவள் சிரித்தாள்.

“அது தெரியாம சொல்லிடுச்சு ஆன்ட்டி. நீங்கதானே சொன்னீங்க, ஃப்ரெண்டுன்னா தெரியாமத்தான் சொல்லும்னு.”

ஓடிப்போய் அந்தத் தோழியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தத் தோழி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும். அவள் முகத்தில் உங்களைப் பார்த்தேன். கையை நீட்டிய குருவியிடம் என்னைப் பார்த்தேன்.

எட்டு வயதில் செய்ததற்கு எனக்குக் கோபமில்லை. நாற்பது வயதில் எழுதிய கடைசிப் பத்திக்குத்தான் கோபம். அதற்குத் தலையாட்டிய என் மீதும்தான்.

இந்தக் கடிதம் கிடைத்த மறுநாளே அந்தப் பிள்ளைகள் முன்னால் நின்று, நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். வந்தவளும் பொய்தான் சொன்னாள் என்று என்னையும் சேர்த்துச் சொல்லுங்கள். இல்லையென்றால் குருவி என் பேச்சை நம்பிக்கொண்டே இருப்பாள். சொல்லிவிட்டேன் என்று எனக்கு எழுத வேண்டாம். சொல்லியிருப்பீர்கள் என்று நானாக நினைத்துக்கொள்ளவும் மாட்டேன். உங்களைப் பற்றி நானாக நல்லபடி நினைத்துக்கொண்டதெல்லாம் போதும்.

இப்படிக்கு,
அச்சகத்துப் பிழை திருத்துபவர்