மரஹபா சொல்ல விட்ட இடம்

டைனமோ டயரில் உரசிச் சூடேறிய ரப்பர் மணம் கையில் இன்னும் நிற்கிறது. பின்னேரம் உன் அம்மா ஆளனுப்பியிருந்தார். வேறு எதற்கு? உன் குரலைக் கேட்கத்தான்.

சண்டைத் தடையால் மல்லாவியில் பற்றரிக்கு வழியில்லை என்று உனக்குத் தெரியும். சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றினால்தான் அந்தப் பழைய ரேப் ரெக்கோடர் ஓடும். நான் சுற்றுகிற வேகத்தில்தான் நீ கதைப்பாய். எனக்கு இருக்கிற அதிகாரம் அவ்வளவுதான்.

ஆப்பிரிக்காவில், தார் எஸ் சலாமில் ஓர் ஆலைக்கு இரண்டு மெக்கானிக் கேட்டிருந்தார்கள். நாம் ஒன்றாகப் படித்தவர்கள். மெஷினில் என் கைதான் திறம், அதை நீயே ஒத்துக்கொள்வாய். ஆனால் வன்னியை விட்டு வவுனியாவுக்குப் போக இயக்கத்திடம் பாஸ் எடுப்பதென்றால் இங்கே ஒருவர் பொறுப்பு நிற்க வேண்டும். போனவர் திரும்பும்வரை நின்றவர் அசைய முடியாது. "நீ முதல் நில்லு மச்சான். நான் போய் ஒரு வழி பாத்து உன்னையும் எடுக்கிறன்" என்றாய். நின்றேன். நீ போனாய்.

நீ வரவில்லை, கசற்தான் வந்தது. நான் அங்கே வரும்போது நடந்துகொள்ள வேண்டிய முறைகளாம். வாசலில் நின்று "ஹோடி" என்று குரல் கொடுத்து, உள்ளேயிருந்து அழைக்கும்வரை காத்து நிற்க வேண்டும். இடக்கையால் எதையும் நீட்டக்கூடாது. சாப்பாட்டுக்கு முன் வீட்டுக்காரர் கைக்குத் தண்ணீர் வார்ப்பார். சோளமாக் களி பிடிக்காவிட்டாலும் கொஞ்சம் தின்ன வேண்டும். "வந்த உடன எந்த மெஷின் பழுது எண்டு கேளாத. முதல் வீட்டுச் சுகம், பிள்ளையளின்ர சுகம், மாட்டின்ர சுகம் எல்லாம் கேள். உன்ர அவசரம் இஞ்ச சரிவராது."

முதல்முறை ஓடவிட்ட அன்று முற்றத்தில் இருந்த சனம் சிரித்தது. "வேர்க்கிறது இவனுக்கு, ஊர் பாக்கிறது அவன்" என்றார் பக்கத்து வீட்டு அண்ணர். வயிறு எரிந்தது. போக முடியாத ஊரின் மரியாதைகளை நான் படித்துக்கொண்டிருந்தேன். படிப்பிக்கிற குரலுக்கு மின்சாரமும் நானே கொடுத்துக்கொண்டிருந்தேன்.

கடைசிப் பகுதி அம்மாவுக்கு. அங்கே இளையவர் மூத்தவரைக் கண்டால் "ஷிகமோ" என்று வணங்குவார், மூத்தவர் "மரஹபா" என்று ஏற்றுக்கொள்வார் என்று விளக்கினாய். பிறகு, "ஷிகமோ அம்மா. இப்ப நீங்கள் சொல்லுங்கோ" என்று நிறுத்தி, அவர் பதில் சொல்வதற்காக நாடாவில் கொஞ்ச இடத்தை வெறுமையாக விட்டிருந்தாய்.

அவர் சீலையைச் சரிசெய்துகொண்டு, "மரஹபா மோனை" என்றார்.

பிறகு நீ மலேரியாவில் செத்தாய். அதற்கு அவ்வளவு தூரம் போயிருக்கத் தேவையில்லை, மல்லாவியிலேயே தாராளமாகக் கிடைக்கிறது. இனித் திரும்பாத ஒருவனுக்குப் பொறுப்பு நின்றவனாக நான் இங்கே இருக்கிறேன். உங்கள் வீட்டுக் கூரைக்குக் கிடுகு வேய்வது நான். காய்ச்சல் வந்தால் அம்மாவைச் சைக்கிளில் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போவதும் நான். எனக்கு அவர் "தம்பி, தேத்தண்ணி குடியும்" என்பார். மகனென்று "மோனை" சொல்வது அந்த ரேப்புக்கு மட்டும்தான்.

இன்றைக்கு நீ "ஷிகமோ அம்மா" என்றதும் அவருக்கு இருமல் வந்துவிட்டது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமினார். நாடாவில் நீ விட்ட இடமோ கொஞ்சம். அவர் வாய் திறக்குமுன் நீ அடுத்த கதைக்குப் போய்விடுவாய். நான் கையைத் தளர்த்தினேன். நாடா ஊர்ந்தது. அவர் இருமி முடித்து, தண்ணீர் குடித்து, "மரஹபா மோனை" என்றார். அதற்குப் பிறகுதான் வேகத்தைக் கூட்டினேன்.

பொறாமை அப்படியே இருக்கிறது மச்சான். நீ சொன்ன முறைகளில் எனக்குப் பழகியது ஒன்றுதான்: அந்த இடத்தில் மட்டும் என் கை அவசரப்படுவதில்லை.