இரண்டு அளவு பெரிய டர்போ

பிரியமுள்ள என் வீட்டுக்காரருக்கு,

இங்கு எல்லோரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பேனா நகரவில்லை. உயிரோடு இருக்கிறோம், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நானும் உங்கள் அப்பாவும் நம் பெண் வாலுவும் கை கால் முழுசாக இருக்கிறோம். இனி நீங்கள் நிதானமாகப் படிக்கலாம். நான்தான் இன்னும் நிதானத்துக்கு வரவில்லை. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போனில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். போனில் நான் சத்தம் போடுவேன், நீங்கள் உடனே சிக்னல் சரியில்லை என்பீர்கள். கடிதத்தில் உங்களுக்கு அந்த வசதி இல்லை. உங்களோடு வேலை செய்கிறவர் விடுமுறை முடிந்து இந்த வாரக் கடைசியில் அங்கே திரும்புகிறாராம். அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

உங்கள் அப்பாவுக்கு ஆபரேஷன் செய்த கண்ணின் கட்டை மாற்ற இன்று காலை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம், உங்கள் பச்சை வண்டியில்தான். என்ஜினைப் பிரித்துப் புதிதாகக் கட்டி, சக்தி கூட்ட டர்போ மாட்டியதிலிருந்து அந்த வண்டியை ஓட்டிப் பழக்கும் வேலையை என் தலையில் கட்டினீர்கள் அல்லவா? புது என்ஜின், ஆயிரம் கிலோமீட்டர் ஓடும்வரை பெடலை அமுக்காதே, பூப்போல ஓட்டு என்று போனில் பாடம் எடுத்தீர்களே? நானும் சொன்ன பேச்சுக் கேட்டு, பள்ளிக்கூடத்துக்கும் என் தையல் கடைக்கும் பூப்போலவே ஓட்டினேன். சைக்கிள்காரர்கள்கூட என்னைத் தாண்டிப் போனார்கள். அறுநூறு குதிரைச் சக்தி என்று உலகமெல்லாம் சொன்னாரே மனிதர், அத்தனை குதிரையும் லாயத்தில் படுத்துத் தூங்குகின்றனவா என்று மனசுக்குள் சிரித்துக்கொள்வேன்.

ஆயிரம் கிலோமீட்டர் போன வாரம் முடிந்தது. டர்போ மாட்டிய உங்கள் பள்ளிக்கூடத் தோழர் 'விசில்' அண்ணன் தன் பட்டறையில் ஆயிலை மாற்றிக் கொடுத்து, இனிமேல் தைரியமாக அமுக்கலாம் என்றார். அந்தத் தைரியத்தில்தான் இன்று காலை பக்கத் தெருவிலிருந்து பெரிய ரோட்டுக்கு ஏறினேன். தூரத்தில் ஒரு லாரி வந்துகொண்டிருந்தது. நேரம் இருக்கிறது, திரும்பிவிடலாம் என்று பெடலை அமுக்கினேன். வண்டி நகர்ந்தது, அவ்வளவுதான். நடு ரோட்டில் வெறுமனே ஊர்கிறது. லாரி ஹாரன் அடித்தபடி நெருங்கிவிட்டது. பெடலைத் தரையோடு சேர்த்து மிதித்தேன். அப்போதும் ஒன்றுமில்லை. பிறகு எங்கோ ஒரு விசில் சத்தம் கேட்டது, மறுகணமே அறுநூறு குதிரையும் ஒன்றாகக் கயிற்றை அறுத்துக்கொண்டு கிளம்பின.

நான் ஸ்டீயரிங்கைத் திருப்பியபடி இருந்தேன் என்பதை நினைத்துப் பாருங்கள். பின்பக்கம் வழுக்கிக்கொண்டு போய், வண்டி ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, டயர் கடைக்காரர் வெளியே அடுக்கியிருந்த பழைய டயர்கள்மேல் போய் மோதி நின்றது. அந்த டயர்கள் இல்லாவிட்டால் கடைச் சுவர். லாரி வண்டியின் பக்கக் கண்ணாடியை உரசாமல் போனது யார் செய்த புண்ணியமோ தெரியாது.

மாமாவுக்கு ஒரு கண்ணில் கட்டு, இன்னொரு கண்ணில் பார்வை மங்கல். வண்டி நின்றதும், "ஏம்மா, ஆஸ்பத்திரி வந்துடுச்சா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. சீட் பெல்ட்டைப் பிடித்திருந்த அவர் கையை விடுவிக்கப் போனேன். விரல்கள் அப்படி இறுகியிருந்தன. அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது, நான் பயந்துவிடக்கூடாது என்றுதான் அப்படிக் கேட்டார். டயர் கடைக்காரர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, "டயர் வேணும்னா உள்ள வந்து கேட்டா போதும்மா, இப்படி வரவேணாம்" என்றார். நல்ல மனுஷன்.

வாலு பள்ளிக்கூடத்தில் இருந்தாள். எங்களோடு வந்திருந்தால் பின்சீட்டில் உட்கார்ந்திருப்பாள். வண்டியின் பின்பக்கம்தான் மோதியது. இதற்குமேல் இன்று எழுத முடியவில்லை.

இரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். வண்டி அன்றே பட்டறைக்குப் போய்விட்டது, நேற்று நானும் போனேன். சண்டை போடத்தான் போனேன், ஒளிப்பானேன். பிரேக் பிடிக்காத வண்டி போல வாசலிலிருந்தே கத்திக்கொண்டு நுழைந்தேன். விசில் அண்ணன் ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். பக்கத்து மேஜையில் ஒரு பழைய டர்போ பிரிந்து கிடந்தது, அதைக் கையில் எடுத்துக் காட்டினார்.

"இதுல ரெண்டு சக்கரம் தங்கச்சி, ஒரே தண்டுல. என்ஜின் விடுற புகை ஒண்ணைச் சுத்தும். அது சுத்துனா இன்னொண்ணு வெளிக்காத்தை அமுக்கி என்ஜினுக்குள்ள தள்ளும். சக்கரம் பெருசா இருந்தா நிறைய காத்து, நிறைய சக்தி. ஆனா பெரிய சக்கரத்தைச் சுத்திவிடவே நிறைய புகை வேணும். நீங்க ஓட்டுற வேகத்துல அவ்வளவு புகை வர்றதில்ல. அதான் அமுக்குனா சும்மா இருந்துட்டு, புகை சேர்ந்ததும் ஒரேடியா பாயுது" என்றார்.

அப்படியானால் எதற்கு இவ்வளவு பெரிய சக்கரம் என்று கேட்டேன். தலையைச் சொறிந்தார். இப்போது அறுநூறு, நாளைக்கு எண்ணூறு ஆக்க ஆசை வந்தால் திரும்பக் கழற்ற வேண்டாமே என்று நீங்கள்தான் இரண்டு அளவு பெரிதாகப் போடச் சொன்னீர்களாம். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வருஷா வருஷம் என் கடையில் வந்து நிற்கிற அம்மாக்கள் இப்படித்தான் சொல்வார்கள், வளர்கிற பிள்ளை, சீருடையைக் கொஞ்சம் பெரிதாகவே தைத்துவிடு என்று. பிள்ளை வளரும், சரி. என்ஜின் வளருமா?

"யாருக்கு அளவெடுத்தீங்க அண்ணே? ஓட்டுறவ நான். என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றேன். அவருக்கு முகம் விழுந்துவிட்டது. "கேட்டிருக்கணும்" என்றார். பிறகு சுவரில் ஒட்டியிருந்த ஒரு படத்தைக் காட்டினார். மலையை மேலிருந்து பார்த்து வரைந்தது போல வளையத்துக்குள் வளையமாக இருக்கிறது. ஒவ்வொரு டர்போவுக்கும் இப்படி ஒரு படம் உண்டாம். நடு வளையத்தில் வேலை செய்தால் டர்போ சுகமாகக் காற்றுக் கொடுக்குமாம். நம் வண்டி எங்கே இருக்கிறது என்று கேட்டேன். எல்லா வளையத்தையும் விட்டு, கீழே இடது மூலையில் விரலை வைத்தார். பட்டுத் துணி வாங்கி அதன் ஓரத்தை மட்டும் வெட்டி உடுத்தியது போல இத்தனை நாள் ஓடியிருக்கிறோம்.

அதன்பிறகுதான் நான் எப்படி ஓட்டுவேன் என்று கேட்டார். பள்ளிக்கூட வாசல், சிக்னலுக்குச் சிக்னல் நின்று கிளம்புவது, மாமாவோடு ஆஸ்பத்திரி, எப்போதாவது துணி எடுக்கப் பெரிய சாலை என்று சொன்னேன். அவர் என்ஜினின் அளவையும் சுற்று வேகத்தையும் போட்டுக் கணக்குப் பார்த்து, அலமாரியிலிருந்து ஒரு சின்ன டர்போவை இறக்கினார். அது சீக்கிரமே சுற்றத் தொடங்கிவிடுமாம், வேகம் மிக ஏறினால் மூச்சுத் திணறுமாம். "முன்னூத்தம்பது குதிரைக்கு மேல எதிர்பார்க்காதீங்க" என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். முன்னூற்றைம்பதை வைத்துக்கொண்டு நான் யார்மேல் படையெடுக்கப் போகிறேன்? மாட்டுங்கள் என்றேன்.

உங்களுக்குக் கோபம் வரும், தெரியும். எனக்கும் கொஞ்சம் மனசு கேட்கவில்லை. வருஷக் கடைசியில் வரும்போது ஆசையாகத் திறந்து பார்ப்பாரே, சின்னதைக் கண்டால் வருத்தப்படுவாரே என்று விசில் அண்ணனிடம் சொன்னேன். அவர் ஸ்பேனரைத் தேடியபடியே, "அவனுக்குத்தான் இன்னும் ரெண்டு வருஷம் இருக்கே தங்கச்சி, நிதானமா மாத்திக்கலாம்" என்றார்.

சொன்ன பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார். விடாமல் கேட்டு விஷயத்தை வாங்கினேன். வேலையை இரண்டு வருஷம் நீட்டிக்கக் கேட்டிருக்கிறார்கள், மாதக் கடைசியில் கையெழுத்துப் போடப் போகிறீர்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும் என்று நினைத்திருக்கிறார் பாவம். உடனே ஒரு வண்டிக்கடியில் தலையை நுழைத்துக்கொண்டார். அந்த வண்டியில் என்ஜினே இல்லை. அதற்கடியில் என்ன வேலையோ.

ரோட்டில் வண்டிதான் சுற்றியது. பட்டறையில் நான் அசையாமல் நின்றேன், பூமி சுற்றியது. கட்டிய பெண்டாட்டிக்குத் தெரியாது, டர்போ மாட்டுகிறவருக்குத் தெரியும். எப்படி மறைத்தீர்கள்? போன ஞாயிறு வாலு உங்களிடம், அப்பா நீ வர்றதுக்கு எவ்வளவு நாள் இருக்கு என்று கேட்டபோது சிக்னல் சரியில்லை என்றீர்களே, அது இதற்குத்தானா?

விசில் அண்ணன் ராத்திரியோடு ராத்திரியாக டர்போவை மாற்றி, காலையில் வண்டியைக் கொண்டுவந்து விட்டார். இன்று மாமாவை அதே வழியில் கூட்டிப்போனேன். வேறு வழியாகப் போகலாம் என்றதற்கு, "பயந்த இடத்தைத் தாண்டித்தாம்மா போகணும்" என்று அவர்தான் பிடிவாதம் பிடித்தார். அதே திருப்பத்தில் ரோடு காலியாகும்வரை நின்று, பெடலை அமுக்கினேன். கேட்டதும் கிளம்பியது. முரண்டு இல்லை, பாய்ச்சல் இல்லை. டயர் கடைக்காரர் எழுந்து நின்று கைதட்டினார். நான் ஆஸ்பத்திரி வாசல்வரை அழுதுகொண்டே ஓட்டினேன், மாமா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தார்.

உங்கள் பெரிய டர்போவை எண்ணெய்த் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்திருக்கிறேன். எனக்கு அதன்மேல் பகை இல்லை. நீங்கள் வந்து, நீங்கள் மாட்டி, நீங்கள் ஓட்டுங்கள். பக்கத்தில் நான் உட்கார்ந்துகொள்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். போன தடவை வாலுவுக்கு அனுப்பிய வெள்ளை ஷூ அவள் காலில் நுழையவில்லை. அப்பாவிடம் சொல்லாதே என்று என் வாயைப் பொத்தினாள். போட்டோவில் அவள் சிரித்துக்கொண்டு நிற்கிறாளே, ஷூவின் பின்பக்கத்தைக் குதிகாலால் மிதித்துக்கொண்டுதான் நிற்கிறாள், உற்றுப் பாருங்கள். என்ஜினுக்கு இரண்டு அளவு பெரிதாக வாங்குகிறீர்கள், பெண்ணுக்கு இரண்டு அளவு சிறிதாக வாங்குகிறீர்கள். நீங்கள் விட்டுப் போன கால் இல்லை அது.

ஆகவே அவளைத் தாள்மேல் நிற்கவைத்துப் பென்சிலால் பாதத்தைச் சுற்றி வரைந்து இதோடு வைத்திருக்கிறேன். கூச்சத்தில் நெளிந்ததால் சுண்டுவிரல் பக்கம் கோடு கொஞ்சம் வெளியே போய்விட்டது. எதற்கு என்று கேட்டாள். அப்பா ஷூ வாங்கிக்கொண்டு வருவதற்கு என்றேன். அனுப்புவதற்கு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கையெழுத்துப் போடும் முன் அந்தத் தாளை ஒரு தடவை மேஜைமேல் விரித்துப் பாருங்கள். வேறு ஒன்றும் நான் கேட்கவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
கோபம் பாதி தீர்ந்த உங்கள் மனைவி

பின்குறிப்பு: அந்த அளவுக்கே ஷூ வாங்குங்கள். இந்த வருஷம் வருவதானால் மட்டும்.