ஆவணி வரைக்கும் அந்தக் கை

அன்பு மகள் மிருணாளினிக்கு,

அம்மா எழுதுகிறேன். லண்டனில் நீயும் அருந்தவனும் நோய்நொடி இல்லாமல் இருக்கப் பிள்ளையார் துணை நிற்கட்டும். நாங்கள் இங்கே சுகம் என்று அடுத்த வரியை எழுதத்தான் விரல் போகிறது, எத்தனை வருடப் பழக்கம், ஆனால் இந்த முறை அது பொய். அப்பா ஆஸ்பத்திரியில் இருக்கிறார். பதறாதே, இன்றைக்கு உயிருக்கு ஒன்றுமில்லை. போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் நான் தொடங்கினால் அழுவேன், நீயும் அழுவாய், சொல்ல வேண்டியது பாதியில் நின்றுவிடும், அதனால்தான் ஈமெயிலில் எழுதுகிறேன். கடைசிவரை வாசித்துவிட்டுத்தான் அப்பாவுக்குப் போன் எடுக்க வேண்டும். இடையில் எடுத்தால் ஒன்றுமில்லை என்று உன்னையும் ஏமாற்றிவிடுவார், அதில் அவர் கெட்டிக்காரர். போன கிழமை வீடியோவில், ஏன் அப்பாவின் முகம் கோணலாகத் தெரிகிறது, போனை நேராகப் பிடியுங்கோ என்று சிரித்தாய். அவர் இடது கையால் பிடித்திருந்தார். வலது கை போர்வைக்குள் இருந்தது. பக்கத்தில் நின்ற என்னை வாய் திறக்கக்கூடாது என்று கண்ணாலேயே வெருட்டினார்.

நடந்தது இதுதான். வைகாசி நடுவில் மீன் சந்தையில் நீல நண்டு வாங்கி வந்தார். உனக்குத் தெரியும்தானே, நண்டை என்னைத் தொடவிட மாட்டார், பொம்பிளையள் உடைச்சால் சதை முழுக்கச் சட்டிக்கு வராது என்று ஒரு கதை வைத்திருக்கிறார். கராஜில் இருந்து உடைக்கும்போது ஓட்டின் முள் வலது சுட்டுவிரலின் அடியில் ஏறிவிட்டது. மஞ்சளை அப்பிக்கொண்டு கறியையும் சமைத்து முடித்தார். இரண்டு மூன்று நாளில் விரல் கத்தரிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. இரத்தத்தில் சீனி கூடின வருத்தக்காரனுக்குச் சின்னக் காயம் என்று ஒன்று கிடையாது என்று கத்திக் கத்தித்தான் டொக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் காயத்தைக் கழுவிக் கட்டி, இரண்டு வகை அன்ரிபயோட்டிக் குளிசை எழுதித் தந்தார், நோவு குறைந்தாலும் நிறுத்தாமல் முடிக்க வேண்டும் என்று சொல்லித்தான் அனுப்பினார். பார்மசியில் ஒரு பெட்டியில் மட்டும், இதைப் போடும் நாட்களில் மதுபானம் கூடாது என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள். அப்பா கண்ணாடியைப் போட்டு அதை வாசித்துத் தலையை ஆட்டிக்கொண்டார். நானும் மனுசன் திருந்திவிட்டது என்று நினைத்தேன்.

யூன் மாத லோங் வீக்கெண்டில் பென்டில் ஹில்லில் ஜெயரட்ணம் அங்கிள் வீட்டில் கூழ். உனக்கும் அருந்தவனுக்கும் கல்யாணம் சரிவந்த சந்தோஷத்துக்காக அவர்கள் வைத்த கூழ் அது. பெரிய கிடாரத்தில் பனங்கிழங்கு ஒடியல் மா கரைத்து, நண்டும் இறாலும் போட்டு, பின்வளவில் இருபது முப்பது பேர். பெண்ணின் தகப்பன் வந்தவர்களோடு ஆளுக்கொரு கிளாஸ் பிடிக்காமல் விட்டால் மரியாதை இல்லை என்பது அவர்களின் சட்டம். அப்பா என்ன செய்தார் தெரியுமா? கூழுக்கு இரண்டு நாளுக்கு முன்னமே குளிசைகளை நிறுத்திவிட்டார். ஸ்டிக்கர் ஒட்டியதையும் நிறுத்தினார், ஒட்டாததையும் நிறுத்தினார். மருந்து உடம்பில் இருந்தால்தானே பிழை, வெறும் உடம்போடு குடித்தால் ஒன்றும் செய்யாது என்று அவருக்கு ஒரு கணக்கு. ஜெயரட்ணம் அங்கிளும், ஓம் மச்சான், அதுதான் முறை, குடிச்சு முடிஞ்சாப்போலை திரும்பப் போடு என்றாராம். படித்த மனிதர்கள், ஒருவர் எஞ்சினியர், ஒருவர் கணக்காளர். திரும்பப் போடவும் இல்லை. வீக்கம் வற்றினது போல இருந்ததாம், இனி ஏன் வயிற்றைக் கெடுப்பான் என்று பெட்டியைக் காரின் டாஷ்போர்ட்டுக்குள் போட்டுவிட்டார்.

எனக்கு ஒன்றும் தெரியாது மகள். இங்கே யூனில் குளிர்காலம்தானே, குளிர் என்று சொல்லிக் கம்பளிக் கையுறையோடு திரிந்தார், நானும் நம்பினேன். ஒரு மத்தியானம் சோற்றைக் கரண்டியால் சாப்பிட்டார். அப்பா கரண்டியால் சோறு சாப்பிட்டு நீ உன் ஆயுளில் கண்டிருக்கிறாயா? நான் எழும்பிப்போய்க் கையுறையை இழுத்தேன். அந்த மணத்தை எழுத விருப்பமில்லை. விரல் கறுத்துப்போய் இருந்தது.

ஆஸ்பத்திரியில் சுட்டுவிரலை எடுத்தார்கள், பிறகு நடுவிரலையும் எடுத்தார்கள். ஊசி வழியாக மருந்து ஏறிக்கொண்டே இருக்கிறது. டொக்டர் பிள்ளை, உன் வயதுதான் இருக்கும், குளிசையோடு குடித்தீர்களா என்று கேட்டாள். இல்லை டொக்டர், ஒரு நாளும் இல்லை, குளிசையை நிப்பாட்டிப்போட்டுத்தான் குடிச்சனான் என்று அப்பா பள்ளிக்கூடத்தில் சரியான விடை சொன்ன பிள்ளை போலச் சொன்னார். விருந்தைத்தான் தள்ளிப்போட்டிருக்க வேண்டும், மருந்தைத் தள்ளிப்போட்டதால்தான் கிருமி எலும்புக்குள் போய்விட்டது என்றாள். எனக்கு வந்த கோபத்துக்கு அவரை அடித்திருப்பேன். ஆனால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஜெயரட்ணம் அங்கிள் நாள்தோறும் சூப் கொண்டுவந்து கதிரையில் இருந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு போகிறார். அவரைத் திட்டவும் மனம் வரவில்லை, முகம் கொடுக்கவும் மனம் வரவில்லை. உன் கூறைச்சேலை வந்துவிட்டது, பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை. சட்டைக்கு அளவு அனுப்பச் சொல்லித் தையல்கார அன்ரி கேட்கிறா. நீ இரவில் பாணும் நூடில்சும் தின்று நாளைக் கழிக்காதே, உனக்கும் அப்பாவின் உடம்புதான், ஒருக்கால் சீனியைச் சோதித்துப் பார்.

இனித்தான் முக்கியமானது. மணிக்கட்டோடு கையை எடுக்க வேண்டும் என்கிறார்கள். வெள்ளிக்கிழமைக்குள் சம்மதம் வேண்டும், கிருமி இரத்தத்தில் பரவினால் பிறகு எதை வெட்டியும் பயனில்லையாம். அப்பா மாட்டேன் என்கிறார். ஆவணியில் கல்யாணம் முடியட்டும், அடுத்த நாளே வந்து படுக்கிறன், வெட்டுங்கோ என்கிறார். கன்னிகாதானம் செய்யிற கை, தாரை வார்த்துப் பிள்ளையைக் குடுக்கிற கை, அதை எப்படி இப்ப வெட்டுறது என்று டொக்டரிடமே கேட்டார். நான் அதை ஆங்கிலத்தில் அவளுக்கு விளங்கப்படுத்தப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இடது கை இருக்கிறதே என்றாள். இடக்கையாலை பிள்ளையைக் குடுக்கிறதோ என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். கோயில் ஐயர் போனில் இடக்கையாலும் செய்யலாம், தோஷமில்லை என்று சொல்லிப் பார்த்தார். அவர் எங்களுக்காகச் சொல்கிறார் என்கிறார் அப்பா.

என் சொல் எடுபடாது. உன் சொல் எடுபடும். போன் எடுத்தால் அழாதே, நீ அழுதால் அவர் உன்னைத் தேற்றத் தொடங்கி விஷயத்தை மறைத்துவிடுவார். கோபமாகவே கேள். கல்யாணத்தைத் தள்ளிவைக்கிறேன் என்று மட்டும் சொல்லாதே, என்னாலைதான் பிள்ளையின் கல்யாணம் நின்றது என்று இன்னும் பிடிவாதம் பிடிப்பார். ஒன்றை மட்டும் கேள். அவர் இல்லாமல் போனால் உன் மணவறையில் அம்மா எங்கே நிற்பா என்று கேள். எங்கள் சனம் என்னை அந்தப் படியில் ஏறவிடுமா? யாரோ ஒரு சித்தப்பாவும் சித்தியும் உன்னைத் தாரை வார்ப்பார்கள், நான் மண்டபத்தின் கடைசி வரிசையில் இருப்பேன். அந்த ஒரு கைக்காக உனக்குத் தகப்பனும் இருக்காது, தாயும் இருக்காது. அவர் இதை நினைத்துப் பார்க்கவில்லை. கட்டிலில் கிடக்கிற மனுசனிடம் இதைச் சொல்ல என் வாய் வரவில்லை, நீதான் சொல்ல வேண்டும்.

கடவுள் உனக்கு அந்தத் தைரியத்தைத் தரட்டும், நீயும் அருந்தவனும் நூறு வயது வாழ வேண்டும். காலையில் நர்ஸ் கட்டு மாற்றிவிட்டுப் போனபிறகு எடு, அந்த நேரம்தான் அவர் முழிப்பாக இருப்பார். போனை நான் அவருடைய இடது காதில் பிடித்துக்கொள்கிறேன்.

உன் அம்மா,
வைதேகி