என்னைப் பற்றி இரண்டு வார்த்தை

வளப்பூர் நாடு,
கொல்லிமலை.
7.1.2024

அன்புள்ள மேரிக்கு,

தேனு எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். மிளகு பறித்து அம்மாவுக்குத் தோள்வலி. ஓய்ந்து உட்காரச் சொன்னால் சண்டைக்கு வருகிறாள். போனில் கூப்பிடாமல் கடிதம் எழுதுகிறாளே என்று திட்டாதே. போனில் 'ம்', 'சரி' தவிர எனக்கு ஒன்றும் வராது என்பது விடுதியில் ஒரே அறையில் கிடந்த உனக்குத் தெரியாதா?

எங்கள் மண் பரிசோதனைக் கூடத்தை மார்ச்சோடு மூடுகிறார்கள். திட்டம் முடிந்துவிட்டதாம். இனி வேலையெல்லாம் தெரிந்தவர்கள் மூலமாகத்தான் என்கிறாய். எனக்குத் தெரிந்தவள் நீ ஒருத்திதான்.

நீ சொன்னபடி, முன்பின் தெரியாதவர்களிடம் என்னை அறிமுகப்படுத்திக்கொள்ளப் பழகிப் பார்த்தேன். செம்மேடு பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மாளிடம் 'வணக்கங்க' என்றேன். அதற்குள் அவரே, "யாரு ஊட்டுப் புள்ள கண்ணு நீ?" என்று கேட்டுவிட்டார். அர்த்தனாரி மகள் என்றேன். இறங்குவதற்குள் அவர் எனக்கு அத்தை முறை ஆகிவிட்டார். இங்கே கேட்பார்கள், சொல்லுவோம். கேட்காமலே தன்னைப் பற்றிச் சொன்னால் பீற்றிக்கொள்கிறாள் என்பார்கள். நான் என்ன செய்ய?

உன்
தேன்மொழி

கோயம்புத்தூர்,
15.1.2024

என் ஊமைக்கோட்டானுக்கு,

பொங்கல் வாழ்த்து. அம்மாவின் தோளுக்கு ஒத்தடம் கொடு. வாயால் சொல்லிக்கொண்டு இராதே.

அடுத்த மாதம் இங்கே மண்வளக் கருத்தரங்கு. எங்கள் ஆய்வகத்துக்குப் பழக்கமான முருகானந்தம் சார் வருகிறார். அவருடைய ஆய்வகத்தில் ஓர் இடம் காலி. உன்னைப் பற்றிச் சொல்லி வைத்திருக்கிறேன். "வந்து பேசட்டும், பாக்கலாம்" என்றார். இரண்டு வார்த்தை போதுமடி. பெயர் என்ன, என்ன வேலை செய்தாய், அவ்வளவுதான். சரிவு சரிவாக ஏறி மண் எடுத்துப் பரிசோதித்தவள் நீ. அவருடைய ஆட்களில் ஒருவரும் அதைச் செய்ததில்லை.

அங்கே யாரும் உன்னை யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்க மாட்டார்கள். நீயாகத்தான் வாயைத் திறக்க வேண்டும். நான் வர மாட்டேன். வந்தால் என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாய்.

பிரியமுடன்
ஆரோக்கியமேரி

வளப்பூர் நாடு,
18.2.2024

அன்புள்ள மேரி,

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. கருத்தரங்கில் டீ குடிக்கிற நேரத்தில் முருகானந்தம் சாரே என் பக்கத்தில் வந்து நின்றார். "கொல்லிமலையா?" என்றார். "ஆமாங்க." "குளிர் எப்படி?" "இருக்குதுங்க." அப்புறம் சிரித்தபடி காத்திருந்தார். என்ன வேலை செய்தாய் என்று கேட்பார் என நானும் காத்திருந்தேன். கேட்டிருந்தால் மூச்சுவிடாமல் சொல்லியிருப்பேன், சத்தியமாக.

அதற்குள் ஒரு பெண் வந்து, "சார், நான் சங்கீதா" என்று ஆரம்பித்தாள். தொட்டி மண்ணில் மட்டும் சோதனை செய்தவளாம். அதை எவ்வளவு அழகாகச் சொன்னாள் தெரியுமா? அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கையிலிருந்த டம்ளரை எங்கே வைப்பது என்றுகூடத் தெரியாமல் நின்றேன். பஸ் மலை ஏறி முடிக்கும்வரை அழுதேன்.

நீ அவரிடம் இன்னும் ஒரு வார்த்தை சொல்ல முடியுமா?

தேனு

கோயம்புத்தூர்,
27.2.2024

தேனு,

சொன்னேன். "பேசட்டும்னு நின்னு பாத்தேன், பேசவே இல்லையேம்மா. அந்த எடத்துக்கு ஆள் எடுத்தாச்சு" என்றார். எனக்கு முகம் செத்துப்போயிற்று.

விடுதிச் சோற்றில் பூச்சி கிடந்தபோது உன் தட்டுக்கும் சேர்த்து நான்தான் சண்டை போட்டேன். வாய்மொழித் தேர்வன்று, "அவளுக்கு எல்லாம் தெரியும் மேடம், பயம்தான்" என்று நான்தான் போய்க் கெஞ்சினேன். காலம் முழுக்க நானே உனக்கு வாயாக இருக்க முடியுமா? உன்னைத் திட்டவும் மனம் வரவில்லை, விடவும் மனம் வரவில்லை. ஆனால் இனிமேல் யாரிடமும் உனக்காகப் பேசப் போவதில்லை. கல்நெஞ்சக்காரி என்று நினைத்தாலும் சரி.

மேரி

வளப்பூர் நாடு,
30.3.2024

அன்புள்ள மேரிக்கு,

முந்தாநாள் கூடத்தைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டேன். நீ எழுதியதில் எனக்கு வருத்தம் இல்லை. உன்னிடம் சொல்லாமலே போன வாரம் நாமக்கல் விவசாயக் கண்காட்சிக்குப் போனேன். மணிவண்ணன் என்று ஒருவர், சேலத்தில் மண் ஆய்வகம் நடத்துகிறவர், அங்கே கடை போட்டு உட்கார்ந்திருந்தார். யாரும் தள்ளிவிடாமல் நானாகவே போய் அவர் முன்னால் நின்றேன்.

'வணக்கங்க, நான்' என்று ஆரம்பித்தேன். "நான் ஆரோக்கியமேரியோட சிநேகிதிங்க" என்றுதான் வந்தது.

"யாருங்க அது?" என்றார்.

கேட்டுவிட்டாரே, சொன்னேன். உன் கை சுத்தம், கணக்கு இடித்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்குகிற உன் பிடிவாதம், பழுதான கருவியை நீயே பிரித்துச் சரிசெய்தது, எல்லாம். திக்கவில்லை, திணறவில்லை. அவர் கண்ணைப் பார்த்தே பேசினேன். நான்தானா பேசுகிறேன் என்று எனக்கே சந்தேகம்.

அவர் எழுந்தே நின்றுவிட்டார். "இப்படி ஒருத்தரைத்தானுங்க தேடிட்டு இருக்கறோம். என்னைய வந்து பாக்கச் சொல்லுங்க" என்று தன் முகவரி அட்டையைக் கொடுத்தார். இத்துடன் வைத்திருக்கிறேன். இப்போது நீ இருப்பதைவிட நல்ல இடமாகத் தெரிகிறது. அவசியம் போய்ப் பார்.

போகும்போது என் பெயரைச் சொல்லி ஞாபகப்படுத்த வேண்டாம். அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

என்றும் உன்
தேன்மொழி