பல்லிடுக்கு

நவம்பர் 3, திங்கள்
விடிந்ததிலிருந்து மழை. கொடியில் கிடந்த அபாயா நனைந்து போனது. எட்டாம் வகுப்புக்குச் சுகாதாரப் பாடம், ‘தன்சுத்தம்’. ஒரு பிள்ளையின் கொப்பியைக் குனிந்து திருத்திவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பினேன். பின்னால் குசுகுசு.
“டீச்சர் கிட்ட வந்தா மூச்ச அடக்கிக்க. வாய் நாறுது.”
சிரிப்பு. கேட்காத மாதிரித் திகதி எழுதினேன். பிழையான திகதி.
பதினாறு வருடமாக இந்தப் பாடம்தான் படிப்பிக்கிறேன்.

நவ. 4, செவ்வாய்
மூன்று தரம் பல் தீட்டல். மிஸ்வாக் குச்சி. கராம்பு. உள்ளங்கையில் ஊதி மணந்தேன், ஒன்றும் தெரியவில்லை. சாப்பாட்டு நேரம் கணவரிடம் கேட்டே விட்டேன்.
“இஞ்ச பாருங்க, எண்ட வாய் மணக்குதா?”
சோறு பிசைந்த கை நின்றது.
“ஓம் புள்ள. கொஞ்சம்.”
“எப்ப இருந்து?”
“ரெண்டு வருஷம் இரிக்கும். சொன்னா என்னோட கதைக்கிறதையே விட்டுருவீங்க எண்டு பயந்துட்டன்.”
இரண்டு வருடம். அவர் மறுபக்கம் திரும்பிப் படுப்பது முதுகுவலியால் என்றல்லவா நினைத்திருந்தேன். எழுந்து பாத்திரம் கழுவினேன்.

நவ. 6, வியாழன்
அரைநாள் லீவு. பல் டொக்டர். யாரும் அடையாளம் காணக் கூடாதென்று முகக்கவசம். டொக்டர் இளம் பெண். டீச்சர் என்றதும், என்ன பாடம் என்று கேட்டார். “தமிழ்” என்று சொல்லிவிட்டேன்.
கடைவாய்ப் பல் இரண்டுக்கும் நடுவே, இடுக்குச் சுத்தம் செய்யும் நூல் ஒன்றை இறக்கி எடுத்து என் மூக்கருகே பிடித்தார். யா அல்லாஹ். அந்த நாற்றம்.
“பிரஷ் பல்லுட முன்னுக்கும் பின்னுக்கும் மேலையும்தான் தேய்க்கும். ரெண்டு பல்லு ஒட்டுற இடத்துக்குள்ள போகாது. அங்க சாப்பாடு கிடந்து அழுகினா பல்லச் சுத்தி இருக்கிற முரசும் வீங்கும்.”
படிந்த காறையைச் சுரண்டினார். வலி.
மறக்காமலிருக்க: ஒரு முழ நூல். நடுவிரல்களில் சுற்ற. குத்தாமல், பல்லோடு வளைத்து மேலும் கீழும். ஒவ்வோர் இடுக்குக்கும் புதுத் துண்டு. நாளுக்கு ஒரு தரம். பிரஷ்ஷையும் விடக் கூடாது.

நவ. 8, சனி
நூலெல்லாம் இரத்தம். விட்டுவிடலாமா? முரசு தேறினால் நிற்கும், விடாதீங்க என்றிருந்தார் டொக்டர். மீன்காரர் வந்து போனதும் தெரியவில்லை. பகல் சோற்றுக்குப் பருப்புத்தான்.
கணவர் நூல் டப்பியைக் கண்டு, “எனக்கும் கொஞ்சம் தாங்க” என்றார். கண்ணாடி முன் இரண்டு பேரும். அவர் முகம் பார்க்க வெட்கம்.

நவ. 11, செவ்வாய்
இரத்தம் இல்லை. அல்ஹம்துலில்லாஹ்.

நவ. 17, திங்கள்
வெயில். எட்டாம் வகுப்பில் நூலைக் காட்டினேன். பிரஷ் மட்டும் போதாது, இடுக்கையும் சுத்தம் செய்ய வேண்டும் என்றேன். முன்வரிசை நுஸ்ரத் கேட்டாள்:
“நீங்க ஒவ்வொரு நாளும் செய்யிறீங்களா டீச்சர்?”
“ஓம், கன காலமா.”
வாய் தானாகச் சொன்னது. வீட்டுக்கு வந்து எண்ணிப் பார்த்தேன், பதினொரு நாள்.

நவ. 18, செவ்வாய்
மணி அடித்ததும், உட்காராமலே:
“நேத்து நான் சொன்னது பொய். பன்னெண்டு நாளாத்தான் செய்யிறன். இவ்வளவு காலமும் பிரஷ் மட்டும் போதும் எண்டு ஒங்களுக்குச் சொல்லித் தந்ததும் நான்தான். எண்ட வாய் மணத்தது எனக்கே தெரியா.”
காது சுட்டது. நுஸ்ரத் எழுந்தாள்.
“முரசில இரத்தம் வந்ததா டீச்சர்?”
“முதல் அஞ்சு நாளும் வந்திச்சு.”
“எனக்குப் பல்லுத் தீட்டக்குள்ளேயே வருது” என்றாள், கையால் வாயை மூடிக்கொண்டு.